வெட்டுப் பட்டியலில் ஒரு காது இதழ்

“மேடம், புது சாஃப்ட்வேர்ல யாரும் படிக்கலைன்னு செவப்புக் கலர் காட்டுற ஜர்னல் எல்லாத்தையும் வெட்டிப்போடலாங்களா?”

போன மாதம் எங்கள் பழைய கல்லூரி நூலகக் கூட்டமைப்பிலிருந்து ஒரு நூலகர் இப்படிக் கேட்டுப் போன் செய்தாள். வேலைக்குச் சேர்ந்து நாலைந்து வருடம் ஆனவள், கெட்டிக்காரி. நான் ஓய்வு பெற்றபின் பயன்பாட்டுப் புள்ளிவிவரம் பார்க்கும் வேலை அவள் தலையில்தான் விழுந்திருக்கிறது.

“வெட்டு கண்ணு. வெட்டத்தான் வேணும். ஆனா வெட்டறதுக்கு முன்னாடி ஒருக்கா பஸ் ஏறிப் போய்ப் பாத்துட்டு வந்து வெட்டு” என்றேன்.

“பஸ் ஏறி எங்கீங்க மேடம் போறது?”

போனில் அதை விளக்கப் பார்த்தேன், முடியவில்லை. அடுப்பில் பால் வேறு பொங்கிக்கொண்டிருந்தது. எழுதித் தருகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன். சொன்ன வாக்குக்காக எழுதுகிறேன்.

என் படிப்பைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. வெள்ளகோவிலில் பள்ளி, கோயம்புத்தூரில் பட்டம், பிறகு நூலக அறிவியல். அட்டவணை அட்டைகள் எழுதி எழுதிக் கையெழுத்து அழகானதுதான் அந்த வருடங்களின் லாபம். வேலையில் சேர்ந்த காலத்தில் இதழ்கள் எல்லாம் அச்சில் வந்தன. எதை வாங்குவது என்பதை யார் சத்தம் பெரிது என்பதுதான் தீர்மானித்தது. ஒரு துறைத் தலைவர் வந்து முதல்வரின் மேஜைமேல் கையை வைத்தால் அவர் கேட்ட இதழ் வரும். அடுத்தவர் இரண்டு கைகளையும் வைத்தால் முதலாமவருடையது நின்று இவருடையது வரும். இப்படிச் சண்டை போட்டு வாங்கிய இதழ்கள் வருடக் கடைசியில் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் அலமாரியில் நிற்கும். பைண்டிங்குக்கு அனுப்பும்போது அந்த உறைகளைக் கிழிப்பது நான்தான். ஒவ்வொன்றைக் கிழிக்கும்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

பிறகு மின்னிதழ்கள் வந்தன. ஒரு கல்லூரி தனியாக வாங்கினால் கட்டுப்படியாகாது என்பதால் கோவை வட்டாரத்துக் கல்லூரிகள் சில சேர்ந்து ஒரு கூட்டமைப்பு வைத்தன. எல்லோரும் பணம் போட்டு, பொதுவாகச் சந்தா கட்டி, எல்லோரும் படிப்பது. அதன் ஒருங்கிணைப்பாளர் நாராயணசாமி சார். வேறொரு கல்லூரியின் தலைமை நூலகர், ஆனால் கூட்டமைப்பு வேலையில் எனக்கு மேலதிகாரி. வீட்டில் தெலுங்கு பேசுவார், வெளியே எங்களைவிடச் சுத்தமான கொங்குத் தமிழ் பேசுவார்.

அவர் கூட்டம் நடத்தும் விதமே தனி. முதலில் டீ வரும். யாருக்குச் சர்க்கரை, யாருக்கு வேண்டாம், யாருக்கு வரக்காப்பி என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். கடைசி ஆள் குடித்து முடித்து டம்ளரைக் கீழே வைக்கும்வரை வேலைப் பேச்சை எடுக்க மாட்டார். கருத்துக் கேட்கும்போது இருப்பதிலேயே சின்னக் கல்லூரியிலிருந்து ஆரம்பிப்பார், பெரியவர்கள் பேசிவிட்டால் சின்னவர்கள் வாய் திறக்க மாட்டார்கள் என்று. குரலை உயர்த்தி ஒருநாளும் கேட்டதில்லை. “இல்லை” என்ற சொல்லும் அவர் வாயில் வந்ததில்லை. “பாக்கலாமுங்க” என்பார். அவர் “பாக்கலாமுங்க” என்றால் நடக்காது என்று அர்த்தம்.

எந்த இதழைத் தொடர்வது, எதை நிறுத்துவது என்பதைப் பயன்பாட்டு எண்ணிக்கையை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும் என்று கொண்டுவந்தவர் அவர்தான். காரணமும் சொன்னார்.

“நம்மூர்ல ஒருத்தர் மூஞ்சிக்கு நேரா வேண்டாம்னு சொல்ல நமக்கு வாய் வராதுங்க, அம்மணி. அப்படியே சொன்னாலும் பத்து வருசத்துக்கு மனஸ்தாபம். அதனால எண்ணு சொல்லட்டும். எண்ணு மேல யாரும் கோவிச்சுக்க மாட்டாங்க.”

அவர் சொன்னபடியே நடந்தது. முதல் வருடம், பெரிய மில் குடும்பத்தார் நடத்தும் ஒரு கல்லூரியின் முதல்வர் ஆசையாகக் கேட்டு வாங்கிய இதழை வருடம் முழுக்க ஒருவர்கூடத் திறக்கவில்லை. அறிக்கையை அவர் முன்னால் வைத்தோம். மனிதர் பார்த்தார். “கணக்கே சொல்லுதுங்களே, என்ன பண்றது” என்று இன்னொரு டீ வாங்கிக் குடித்தார். எனக்கு அன்றைக்குப் புள்ளிவிவரத்தின் மேல் காதலே வந்துவிட்டது. உறை பிரிக்காத இதழ்களுக்காக இத்தனை வருடம் பட்ட எரிச்சலுக்கு ஒரு மருந்து கிடைத்த மாதிரி இருந்தது.

அறிக்கை தயாரிக்கும் வேலை என்னுடையது. ஒவ்வொரு பதிப்பகத்தின் தளத்திலும் நுழைந்து, கல்லூரி வாரியாக, மாத வாரியாகப் பதிவிறக்கக் கணக்கை எடுக்க வேண்டும். அதை எக்செல்லில் போட்டு, பெயர் மாறிய இதழ்களை அவற்றின் பதிவு எண் பார்த்துப் பொருத்தி, ஆண்டுச் சந்தாவைப் பதிவிறக்கங்களால் வகுத்தால் ஒரு முறை படிக்க என்ன விலை கொடுத்தோம் என்று தெரியும். அந்த விலை அதிகமாக அதிகமாக இதழ் பட்டியலின் அடிக்குப் போகும். ஏமாற்றும் எண்களும் உண்டு. ஒரு பதிப்பகத்தின் தளத்தில் கட்டுரை முதலில் இணையப் பக்கமாகத் திறக்கும், பிறகு பிடிஎஃப் ஆக இறங்கும். ஒரே ஆள் ஒரே கட்டுரையைப் பார்த்ததற்கு இரண்டு கணக்கு. அந்தப் பதிப்பகத்துக்காரர் விற்பனைக்கு வந்து எண்ணைக் காட்டிப் பெருமை பேசியபோது, “பாதியா வகுத்துட்டுப் பேசுங்க தம்பி” என்றேன். கூட்டமைப்பில் எனக்குக் கத்திரிக்கோல் என்று பட்டப்பெயர் இருந்தது எனக்குத் தெரியும். நான் வருத்தப்பட்டதில்லை.

ஒரு வருடம் பதிப்பகங்கள் எல்லாம் ஒன்றுபோல விலையை ஏற்றின. எங்கள் பணம் ஏறவில்லை. அடியில் இருப்பவற்றை நிறுத்தியே ஆக வேண்டும். அந்தப் பட்டியலில் கடைசி வரியில் இருந்தது, தொழிலிடங்களில் காது கேளாமை பற்றிய ஓர் ஆய்விதழ். நாங்கள் அதைக் காது இதழ் என்போம். அதைக் கேட்டிருந்தது ஒரே ஒரு கல்லூரி, கருமத்தம்பட்டியைத் தாண்டி இருக்கும் ஒரு சின்னப் பேச்சு, செவித்திறன் கல்லூரி. மாதத்துக்கு நாலைந்து பதிவிறக்கம்கூடத் தேறவில்லை. பட்டியலைப் போட்டது நான்தான். கையிலிருந்த எண்களுக்கு அது சரியான பட்டியல், இன்றும் அப்படித்தான் சொல்வேன்.

நிறுத்துவதற்கு முன் அந்தந்தக் கல்லூரிக்குத் தெரிவித்து மறுப்பு இருந்தால் கேட்பது எங்கள் முறை. அந்தக் கல்லூரியின் நூலகர் தங்கவேல் மறுநாளே பதில் போட்டார். கூட்டமைப்பின் முடிவுக்கு முழுச் சம்மதம், இதுவரை செய்த உதவிக்கு நன்றி. எனக்கு வேலை சுலபமாயிற்று.

அதற்கு அடுத்த வாரம் என் நூலகத்தில் ஒரு பெண்ணின் குரல் வாசலிலிருந்தே கேட்டது. படித்துக்கொண்டிருந்த பிள்ளைகள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். நான் எழுந்து போய் மெதுவாகப் பேசச் சொன்னேன். அவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“மன்னிச்சுக்குங்க மேடம். சோமனூருங்க. அப்பா விசைத்தறிலயே இருந்தவருங்க. அவருக்குக் கேக்கோணுமின்னு எங்க ஊட்டுல எல்லாருமே இப்படிக் கத்தித்தான் பேசுவோமுங்க.”

பெயர் கவிதா. அந்தச் செவித்திறன் கல்லூரியில் ஆசிரியை, விசைத்தறித் தொழிலாளர்களின் செவித்திறன் பற்றி முனைவர் பட்ட ஆய்வு செய்துகொண்டிருந்தாள். என் அறைக்குள் கூட்டிப்போனேன்.

“அந்த ஜர்னலு நிக்கப்போகுதுன்னு தங்கவேல் அண்ணன் சொன்னாருங்க. நிக்கறதுக்குள்ள பழசெல்லாத்தையும் மொத்தமா டவுன்லோட் பண்ணி வெச்சுக்கலாமுங்களா? கேட்டுட்டுச் செய்யலாமுன்னு வந்தேனுங்க.”

எனக்குக் கோபம் வந்தது. மொத்தமாக இறக்குவது ஒப்பந்தப்படி குற்றம், பதிப்பகம் கண்டுபிடித்தால் எல்லாக் கல்லூரிகளின் இணைப்பையும் முடக்கிவிடும். அதைவிட, வருடம் முழுக்கப் படிக்காதவர்கள் போகும்போது மட்டும் மூட்டை கட்டுவது எனக்குப் பிடிக்கவில்லை.

“இத்தன நாள் படிக்கல. இப்ப எதுக்குங்க மொத்தமா?”

“படிக்காமயாங்க?” என்றாள். மறுபடி சத்தம் ஏறிவிட்டது. “ஒரு வரி விடாம படிச்சிருக்கோமுங்க மேடம். சத்தத்துக்கு நடுவுலயே காதச் சோதிக்கிற முறையப் பத்தித் தொடர்ச்சியா அதுலதான் வருதுங்க. தறிய நிறுத்தாமச் சோதிச்சாத்தான் ஓனருங்க எங்கள உள்ள உடுவாங்க. பாதிதான் வந்திருக்குது. மீதி வராமப் போச்சுன்னா என்ர ஆராய்ச்சி அங்கியே நிக்குமுங்க. நீங்க ஒரு சனிக்கிழம வந்து பாருங்க.”

அவள் பொய் சொல்கிறாள் என்று எனக்குத் தோன்றவில்லை. என் எண்ணும் பொய் சொல்லாது என்றுதான் நம்பினேன். இரண்டும் உண்மை என்றால் நடுவில் என்னவோ இருக்கிறது. சனிக்கிழமை கருமத்தம்பட்டி வழியாகப் போகும் அவிநாசி பஸ்ஸில் ஏறிவிட்டேன்.

அந்தக் கல்லூரியின் கருத்தரங்குக் கூடத்தில் ஆசிரியர்கள், மாணவர்கள் என்று ஒரு நாற்காலி காலியில்லை. தங்கவேல் ஒரு கட்டுரையை ஒரே ஒரு முறை இறக்கி, சுவரில் பெரிதாகக் காட்டினார். ஒரு மாணவி எழுந்து ஒரு பத்தியை ஆங்கிலத்தில் வாசித்தாள். அடுத்தவன் அதைத் தமிழில் சொன்னான். புரியாத இடத்தில் கவிதா நிறுத்தினாள். ஒரு வரைபடத்துக்கு மட்டும் அரைமணி நேரம் சண்டை போட்டார்கள். அப்படியே கடைசிக் குறிப்புவரை போனார்கள். பின்வரிசையில் வேட்டி கட்டிய இரண்டு பேர் இருந்தார்கள், தறிக்கூடம் வைத்திருப்பவர்கள். போன மாதம் படித்த சோதனையைத் தங்கள் கூடத்தில் செய்ததன் முடிவைக் கேட்க வந்திருந்தார்கள். தன் தறியில் இருக்கும் ஒரு பையனுக்குக் காது மந்தமாகிவிட்டது என்ற முடிவைக் கேட்டவுடன் ஒருவர், “அந்த சரவணனுக்கு இருவத்தஞ்சு வயசுகூட ஆகலீங்களே” என்று மட்டும் சொன்னார். அவனைத் தறியிலிருந்து மாற்றி, சத்தம் குறைந்த பாவு ஓட்டும் வேலைக்கு அனுப்புவதாக ஒப்புக்கொண்டுதான் போனார்.

 ஒரு பதிவிறக்கம், ஒரு கூடம் நிறைய வாசகர்கள். என் எக்செல்லில் அது ஒன்று.

“ஏனுங்க தங்கவேல், ஆளாளுக்கு அவங்கவங்க கம்ப்யூட்டர்ல எடுத்துப் படிக்க மாட்டாங்களா?” என்று கேட்டேன்.

“ஒருத்தர் எடுத்தாப் போதாதுங்களா மேடம்? எதுக்குத் திருப்பித் திருப்பி எடுத்து வீணாக்கறதுன்னு நாந்தானுங்க வேண்டாமின்னுட்டேன்.”

“சரி, நிறுத்தறோமுன்னு எழுதினப்பவாவது வேணுமுன்னு சொல்லியிருக்கலாமில்லீங்க?”

“நீங்க யோசிச்சுத்தான எழுதியிருப்பீங்க. அதுல போய் நாங்க எப்படிங்க...” என்று இழுத்தார்.

தலையில் அடித்துக்கொள்ளலாம்போல இருந்தது. பஞ்சகாலத்துத் தண்ணீரைச் செலவழிக்கிற மாதிரி யோசித்து யோசித்துக் கட்டுரையைச் செலவழித்திருக்கிறார். கையை விட்டுப் போகும்போதும் மரியாதைக்காக வாயை மூடிக்கொண்டிருந்திருக்கிறார். இந்த இரண்டையும் ஒரே ஆள் செய்ய எங்கள் ஊரில்தான் முடியும்.

கிளம்பும்போது அந்தக் கல்லூரி முதல்வர் வழியனுப்ப வந்தார். நல்ல மனிதர். “எண்ணுதான் பிரச்சினைன்னா விடுங்க மேடம். திங்கக்கிழமையே பசங்கள ஆளுக்குப் பத்துத் தடவ தட்டச் சொல்லிப்போடறேன்” என்றார்.

“அந்த வேலை மட்டும் வேண்டாமுங்க சார்” என்றேன். என் குரல் எனக்கே கடுமையாகக் கேட்டது. “நீங்க தட்டினா நாளைக்கு இன்னொரு காலேஜு தட்டும். அப்புறம் எந்த எண்ணையும் யாரும் நம்ப முடியாது. பழையபடி மேஜமேல கை வெக்கிறவங்க ஜெயிப்பாங்க. நீங்க எப்பவும் படிக்கிற மாதிரியே படிங்க. மீதிய நான் பாத்துக்கறேன்.”

பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டேனே தவிர, எப்படி என்று பஸ்ஸில் உட்கார்ந்தபிறகுதான் யோசித்தேன். அழுது கேட்டு ஒரு இதழைக் காப்பாற்ற எனக்கு இஷ்டமில்லை. எண்ணை வைத்தே காப்பாற்ற வேண்டும்.

திங்கட்கிழமை வருடக் கூட்டுத்தொகையை ஒதுக்கிவிட்டு மாதக் கணக்கை விரித்தேன். காது இதழ், கோடை விடுமுறை தவிர ஒரு மாதம்கூடத் தவறாமல் திறக்கப்பட்டிருந்தது, ஒவ்வொரு தடவையும் வேறு கட்டுரை. பட்டியலின் உச்சியில் இருந்த ஒரு பொறியியல் இதழைப் பார்த்தேன். வருடத்தின் எண் அத்தனையும் ஒரே மாதத்தில் குவிந்திருந்தது. அதை வாங்கச் சொன்ன பொறியியல் கல்லூரியின் நூலகருக்குப் போன் போட்டேன். அவர் சிரித்தார். “அது அசைன்மென்ட்டுங்க மேடம். எல்லா செக்‌ஷனுக்கும் ஒரே கட்டுரையக் குடுத்துட்டாங்க. இறக்கினாத்தான் இன்டர்னல் மார்க்கு” என்றார்.

இரண்டு தாள்களையும் எடுத்துக்கொண்டு நாராயணசாமி சாரிடம் போனேன். டீ வரவழைத்தார். குடித்து முடிக்கும்வரை காத்திருந்தேன். எல்லாம் கேட்டுவிட்டுப் பென்சிலால் மேஜையைத் தட்டிக்கொண்டிருந்தார்.

“ஒரு காலேஜுக்காக விதிய வளைச்சா நாளைக்கு எல்லாரும் வளைக்கச் சொல்லுவாங்க, அம்மணி.”

“வளைக்கச் சொல்லலீங்க சார். விதியப் பாதிதான் எழுதியிருக்கோம்ங்கறேன். எவ்வளவு எடுத்தாங்கன்னு எண்ணறோம். எடுத்து என்ன பண்ணுனாங்கன்னு ஒருத்தரும் கேக்கறதில்ல.”

“பாக்கலாமுங்க” என்றார்.

அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். பல வருடங்களில் முதல்முறையாக அதை ஏற்றுக்கொள்ளாமல் உட்கார்ந்திருந்தேன்.

“நீங்க பாக்க வேண்டாமுங்க சார். நான் போய்ப் பாத்துட்டு வாரேன். அடியில இருக்கற அத்தன ஜர்னலுக்கும், வாங்கச் சொன்ன காலேஜுக்கு நேர்ல போறேன். கூட்டத்த அதுவரைக்கும் தள்ளி வைங்க.”

பென்சிலைக் கீழே வைத்தார். “வெயிலு அதிகமா இருக்குது. தண்ணி எடுத்துட்டுப் போங்க” என்றார்.

போனேன். பல்லடம், காங்கேயம், ஈரோடு என்று பஸ் பஸ்ஸாக ஏறி இறங்கினேன். மற்ற இடங்களில் அற்புதம் ஒன்றும் நடக்கவில்லை. ஒரு கல்லூரியில் இதழைக் கேட்ட பேராசிரியர் எப்போதோ வேறு ஊருக்குப் போய்விட்டிருந்தார். இன்னொன்றில் அப்படி ஒரு இதழ் வருவதே துறையில் யாருக்கும் தெரியவில்லை. அவற்றையெல்லாம் முன்பைவிட நிம்மதியாக வெட்டினேன். எண் பெரும்பாலும் சரியாகத்தான் சொல்லியிருந்தது, அதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

கூட்டத்துக்கு முதல்நாள் தங்கவேலுக்குப் போன் செய்தேன். “நாளைக்கு நான் மாதக் கணக்க மட்டும் வெப்பேன். ஜர்னலு வேணுமின்னு நீங்கதான் சொல்லோணும்” என்றேன். 

மறுநாள் டீ முடிந்தது. நான் தாள்களைக் கொடுத்தேன். சார் வழக்கம்போலச் சின்னக் கல்லூரியிலிருந்து ஆரம்பித்தார். தங்கவேல் எழுந்தார். சட்டை முதுகு நனைந்திருந்தது.

“கமிட்டி என்ன முடிவு பண்ணுதோ அதுக்கு நாங்க கட்டுப்படறோமுங்க.”

எனக்கு எழுந்து அவர் தோளைப் பிடித்து உலுக்கலாம்போல இருந்தது. “தங்கவேல், அதக் கேக்கலீங்க. வேணுமா, வேண்டாமா?” என்றேன். அந்த அறையில் யாரும் யாரையும் அப்படிக் கேட்டதில்லை. சார்கூட நிமிர்ந்து பார்த்தார்.

தங்கவேல் கையிலிருந்த தாளை மேஜைமேல் வைத்தார். “வேணுமுங்க” என்றார். யாருக்கும் சரியாகக் கேட்கவில்லை. மறுபடி சொன்னார். “வேணுமுங்க சார். கவிதா மேடத்தோட ஆராய்ச்சி அத நம்பித்தான் இருக்குதுங்க. தறிக்காரங்க அதக் கேக்கத்தான் சனிக்கிழம வாராங்க. மத்தவங்களுக்குச் சிரமமின்னாலும் எங்களுக்கு அது வேணுமுங்க.”

 பிறகு அந்தப் பொறியியல் கல்லூரி நூலகர் தொண்டையைச் செருமினார். “எங்க அசைன்மென்ட் ஜர்னல எடுத்துருங்க சார். ஒரே கட்டுரதானுங்க, அத மட்டும் நாங்க தனியா வாங்கிக்கறோம்” என்றார். அவருடைய முதல்வருக்கு இது பிடிக்காது என்று எல்லோருக்கும் தெரியும். பிடிக்கவும் இல்லை. ஒரு வருடம் என்னோடு பேசாமல் இருந்தார்.

காது இதழ் தப்பித்தது, ஒரு வருடத்துக்கு மட்டும். எந்த இதழையும் நிறுத்துவதற்கு முன் ஒருவர் நேரில் போய்ப் பார்க்க வேண்டும் என்பதும் அன்றைக்கே விதியாயிற்று. பார்க்கப் போவது யார் என்று கேட்டபோது எல்லோரும் மரியாதையாக என்னைப் பார்த்தார்கள்.

அடுத்த வருட அறிக்கையைப் பயந்துகொண்டேதான் திறந்தேன். பயந்தது எண் குறைந்திருக்குமோ என்று அல்ல, ஏறியிருக்குமோ என்றுதான். நம்மைக் காப்பாற்றியவருக்கு உதவி என்று நினைத்து யாராவது தட்டித் தள்ளியிருந்தால் எல்லாம் போச்சு. மாதம் மாதமாகப் பார்த்துக்கொண்டே வந்தேன். எண் ஏறவேயில்லை. பட்டியலில் அதே கடைசி இடம். நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து சிரித்தேன். என் வேலைக்காலத்தில் ஓர் எண்ணைப் பார்த்து அவ்வளவு சந்தோஷப்பட்டது அப்போதுதான்.

கூட்டத்தில் சார் பட்டியலை மேலிருந்து வாசித்துக்கொண்டே வந்தார். கடைசி வரிக்கு வந்ததும் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு தங்கவேலைப் பார்த்தார்.

“சனிக்கிழம நடக்குதுங்களா?”

“நடக்குதுங்க சார். பத்து மணிக்கு. நீங்களும் ஒருக்கா வரோணும்.”

சார் என் பக்கம் திரும்பினார். “அவிநாசி பஸ்ஸு எங்க நின்னு ஏறோணுமுங்க, அம்மணி?”